மில்காரர்களும் பேப்பரும்

ஐயா,
சுதந்திரப் போராட்டத்தில் பத்திரிகைகளின் பங்கைப் பற்றி நீங்களும் எழுதிவிட்டீர்கள். என் கொள்ளுத்தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர், கைநாட்டு. மயிலாப்பூர் வக்கீல்கள் படித்த பேப்பரால் பெரம்பூருக்கு என்ன வந்தது?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

சந்தா கட்டியவர்களில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும்தான் அதிகம், சரி. ஆனால் பேப்பர் படிப்பதற்கு மட்டும்தானா? உங்கள் கொள்ளுத்தாத்தாவின் மில்லையே எடுத்துக்கொள்வோம்.

1918இல் அங்கே பெரிய குறை சாப்பாட்டு நேரம். அரை மணிதான். அதற்குள் கைகால் கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு தறிக்கு ஓட வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மில்காரர்களுக்காகப் பேசிவந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் போய் நின்ற இடம் அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' ஆபீஸ். அங்கே பெசன்டின் கூட்டாளி பி.பி. வாடியா காதுகொடுத்துக் கேட்டார், பெரம்பூருக்கே வந்தார். ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 'நியூ இந்தியா' ஆங்கிலப் பேப்பர். தறிக்காரர் யாரும் அதைப் புரட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வெள்ளைக்கார முதலாளிக்கு எதிராக ஒரு புகாரை நம்பிச் சொல்லக்கூடிய கதவு அன்றைக்கு அதுதான்.

அப்புறம் திரு.வி.க. அப்போது 'தேசபக்தன்' ஆசிரியர், சங்கத்துக்குத் துணைத்தலைவரும் அவர்தான். தலையங்கம் எழுதுகிற ஆளே சங்க மேடையேறித் தமிழில் பேசினால் கைநாட்டுக்காரருக்கு என்ன குறை?

வக்கீல்கள் மட்டும் படித்தார்கள் என்றால் சர்க்கார் ஏன் அவ்வளவு பயந்தது என்றும் யோசியுங்கள். பாரதியின் 'இந்தியா' ஜார்ஜ் டவுனில் அச்சானது. 1908இல், பதிவில் ஆசிரியராக இருந்த சீனிவாசனைப் பிடித்துப் போனார்கள். பத்திரிகை புதுச்சேரிக்குப் போய்விட்டது. 1910 பத்திரிகைச் சட்டம் வந்தபின் சர்க்காரிடம் ஜாமீன் பணம் கட்டாமல் அச்சகம் நடத்துவதே கஷ்டம். 1916இல் 'நியூ இந்தியா' அப்படிக் கட்டிய 2,000 ரூபாயைப் பறிமுதல் செய்தார்கள்.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. தேசியப் பத்திரிகைக்கு முதலில் தேசம், மில்காரன் பிறகுதான். 1923இல் சிங்காரவேலர் 'தொழிலாளன்' என்று தனியாக ஒன்று தொடங்கியதற்கு அதுவும் காரணம் என்பது என் ஊகம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சங்கச் சந்தா ரசீது ஏதாவது கிடக்கிறதா? இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.