கூதலுக்கு ஹீற்றர் வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

வாடைக்காற்று இறங்கிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குளிரைப் பற்றியவைதான். கேட்டவர்களில் பலர் வயதான தாய் தகப்பனையோ கைக்குழந்தையையோ வைத்துக்கொண்டு கேட்டிருப்பதால், அவற்றுக்கே இடம் கொடுக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. சுன்னாகத்தில் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். மார்கழி பிறந்தால் விடியப்புறத்தில் அம்மா கூதலில் நடுங்குகிறா. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, அறைக்கு ஹீற்றர் போடச் சொல்கிறான். தான் பாவிக்கும் ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்பட்டுமா என்றும் கேட்கிறான். வாங்கினால் எப்போதிலிருந்து போடுவது? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

பதில்: தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அந்த ஹீற்றரை அனுப்ப வேண்டாம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. அங்கே 1500 வாட் எடுக்கும் ஹீற்றரை இங்கே செருகினால் அதன் கம்பி 5000 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். பியூஸ் போனால் உங்கள் அதிர்ஷ்டம். போகாவிட்டால் ஹீற்றரே எரியும். மின்சாரப் போர்வைக்கும் இதே கதைதான். அந்த அளவு மின்சாரத்தைத் தாங்கி வோல்ற்றைக் குறைக்கும் மாற்றிப் பெட்டி வாங்குகிற காசுக்கு இங்கேயே புது ஹீற்றர் வாங்கிவிடலாம். லண்டனிலிருந்து வருவதென்றால் வோல்ற் பிரச்சினை இல்லை, அவர்களுடைய மூன்று சதுரக் கால் பிளக்கும் இங்கத்தைய 13 அம்பியர் பிளக்கும் ஒன்றுதான்.

ஆனால் பழைய ஓட்டு வீடு என்கிறீர்கள். அறையிலுள்ள பிளக் பொயின்ற் எது என்று போய்ப் பாருங்கள். சிறிய வட்டக் கால் பிளக் என்றால் அது 5 அம்பியர், அதாவது ஏறக்குறைய 1150 வாட் வரைக்கும்தான். 2000 வாட் ஹீற்றர் 8.7 அம்பியர் எடுக்கும். கடையில் "அடப்டர் ஒன்று போட்டால் சரி" என்பார்கள். அடப்டர் காலின் வடிவத்தைத்தான் மாற்றும், சுவருக்குள் ஓடும் வயர் பழைய வயர்தான். மல்ரிப்பிளக்கில் ஹீற்றரைச் செருகவே கூடாது.

இப்போது பில். 2000 வாட் ஹீற்றர் ஒரு மணித்தியாலம் முழுவதாக ஓடினால் 2 யூனிற். விடியப்புறம் மூன்று மணித்தியாலம் போட்டால் நாளுக்கு 6, மாதத்துக்கு 180 யூனிற். உங்கள் வீட்டில் இப்போது 80 யூனிற் ஓடுகிறதென்றால் அது 260 ஆகும். நம்முடைய வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60-ஐத் தாண்டினால் ஒரு கணக்கு, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யூனிற்றின் விலை கூடும், நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். ஆகவே பில் மூன்று மடங்கோடு நிற்காது. கடைசி 80 யூனிற்றுக்கு ஆக உயர்ந்த விலை விழும்.

அவ்வளவு கொடுத்தும் அறை சூடாகுமா? ஓட்டு வீட்டில் ஆகாது. சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்குகளாலும் யன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களாலும் போய்விடும். எங்கள் முன்னோர் வெக்கை வெளியேறுவதற்கென்றே கட்டிய வீடு அது. நுவரெலியாவில் ஹீற்றர் தேவை, ராத்திரியில் அங்கே 10 பாகைக்குக் கீழேயும் இறங்கும். யாழ்ப்பாணத்தில் தை மாதத்து அதிகாலையில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் குளிர்நாடுகளுக்குச் சொல்லும் அளவு. நாங்கள் அதற்கு மேலேதான் இருக்கிறோம்.

அப்படியானால் அம்மா ஏன் நடுங்குகிறார்? காற்றும் ஈரமும்தான் பெரும்பாலும் காரணம். 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடுமாடுகள் குளிரில் செத்ததை மறந்திருக்கமாட்டீர்கள். நனைந்த உடம்பில் விடாமல் காற்று அடித்தால், பனி விழாத ஊரிலும் உடம்பு சூட்டை இழக்கும். கட்டிலை யன்னலுக்கு நேரே போடாமல் உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். வாடை வடக்கிலிருந்து வருவது, அந்தப் பக்கத்து யன்னலுக்கு இரவில் தடித்த திரை போடுங்கள். சீமெந்து நிலத்தில் பாய் மட்டும் விரித்துப் படுப்பவரென்றால் கீழே மெத்தை வையுங்கள், மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிடக் கீழே ஒன்று விரிப்பது நல்லது. காலுக்கு மேசு, தலைக்குக் காதை மூடும் தொப்பி. படுக்கப் போகுமுன் சுடுதண்ணிப் பையைக் கட்டிலில் கால்மாட்டில் வைத்து, அம்மா ஏறிப் படுத்ததும் எடுத்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைவு, பை சுட்டாலும் தெரியாது.

அறைக்கு ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். ஹீற்றரின் விலையோடு பார்த்தால் அது ஒரு விலையே இல்லை. 24, 25 பாகை காட்டும்போதும் அம்மாவுக்குக் கூதல் என்றால், அது அறையின் குளிர் அல்ல. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் வயதானவர்களுக்கு இப்படிக் குளிரைத் தரும். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், ஹீற்றருக்கு வைத்த காசில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் தேவையென்று பட்டால், கொங்கிறீற் கூரையுள்ள சின்ன அறையொன்றில், 13 அம்பியர் பிளக்கோடு, எண்ணெய் நிரப்பிய ஹீற்றர் 1000 வாட்டில் வாங்கலாம். சிவப்பாக எரியும் கம்பி வைத்த ஹீற்றர் வேண்டாம், அம்மாவின் சேலை பட்டால் போதும்.

கேள்வி: மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறா. மழைக்குளிர். சிரட்டைக்கரி நெருப்புச் சட்டியை இரவில் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடலாமா? அந்தக் காலத்தில் வைத்தவைதானே. (பருத்தித்துறை)

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அணைந்ததுபோல் இருக்கும் கரியிலிருந்தும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, மயக்கம், நித்திரை என்று வந்து, நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும். அந்தக் காலத்து அறைகளில் ஓட்டு இடுக்கால் காற்று வந்து போனது. இப்போது நீங்கள் கட்டியிருப்பது அடைத்த அறை. சாம்பிராணிப் புகையும் பச்சைப் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. பிள்ளையைத் தாயின் மார்போடு தோல்பட அணைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள், தலைக்குத் தொப்பி போடுங்கள், நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். தாய் கண்ணயரும்போது மட்டும் பிள்ளையை எடுத்து அதன் படுக்கையில் தனியாகக் கிடத்துங்கள்.

கேள்வி: குளியலறைக்கு சுடுதண்ணி ஹீற்றர் போடப்போகிறோம். கடைக்காரர் 5.5 கிலோவாட் இன்ஸ்ரன்ற் ஹீற்றர்தான் நல்லது என்கிறார். மச்சான் தாங்கி வைத்த கீசர் போடச் சொல்கிறார். எது மிச்சம்? (கொக்குவில்)

பதில்: இரண்டுக்கும் முதல் எங்கள் தண்ணியைப் பற்றிப் பேசவேண்டும். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறும் தண்ணி. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பாருங்கள், ஹீற்றரின் கம்பியிலும் அதேதான் படியும். சூடு கூடக்கூடப் படிவும் கூடும். தாங்கிக் கீசரில் தண்ணி மணிக்கணக்காகச் சூட்டில் நிற்பதால் கம்பி சீக்கிரம் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும், தண்ணி சூடாக நேரம் கூடுதலாக எடுக்கும், பிறகு ஒருநாள் கம்பி எரிந்துபோகும். கீசர் வாங்கத்தான் போகிறீர்களென்றால் சூட்டை 50 பாகைக்குப் பக்கத்தில் வைத்து, குளிக்குமுன் மட்டும் போடுங்கள். கம்பியைக் கழற்றித் துடைக்க முடிகிற மொடலா என்று கேளுங்கள். சுண்ணாம்புத் தண்ணியால் கம்பி போனால் உத்தரவாதம் உண்டா என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி வாங்குங்கள்.

இன்ஸ்ரன்ற் என்றால் 5.5 கிலோவாட் உங்களுக்குத் தேவையில்லை. அது 24 அம்பியர் எடுக்கும். சாதாரண வீட்டுக்குத் தரப்படுவது 30 அம்பியர் இணைப்பு. மிச்சம் 6 அம்பியரில் பிரிஜ்ஜும் தண்ணி மோட்டரும் ஓடவேண்டும். ஒருவர் குளிக்க இன்னொருவர் ரைஸ் குக்கரைப் போட்டால் மெயின் விழக்கூடும். இந்தப் பெரிய மொடல்கள் தண்ணி 10 பாகையில் வரும் நாடுகளுக்கானவை. நம்முடைய தண்ணி மார்கழியிலும் 26 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும். அதை 38-க்கு ஏற்ற 3.5 கிலோவாட் போதும், நிமிடத்துக்கு 4 லீற்றர் தாராளமாக வரும். அதற்கும் மெயின் போர்ட்டிலிருந்து தனி வயரும் பிரேக்கரும் வேண்டும், எர்த்தும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சும் வேலை செய்யவேண்டும். ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை ஒருமுறை அமத்திப் பாருங்கள், விழாவிட்டால் ஹீற்றருக்கு முதல் அதை மாற்றுங்கள்.

எது மிச்சம் என்று கேட்டீர்கள். இரண்டும் இல்லை. ஒரு கேத்தல் நிறைய, இரண்டு லீற்றர் கொதிதண்ணியை எட்டு லீற்றர் பச்சைத்தண்ணியில் விட்டால் இளஞ்சூட்டில் ஒரு வாளி. கால் யூனிற்கூட ஆகாது. அதிலும் கூரைத் தாங்கியில் இரவு முழுக்கக் காற்றுப்பட்டுக் கிடந்த தண்ணியை எடுக்காமல், காலையில் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணியை எடுங்கள். விடியப்புறக் கிணற்றுத் தண்ணி வெதுவெதுப்பாக இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கம்பி ஹீற்றரை, அதுதான் வாளிக்குள் தொங்கவிடுவதை, மட்டும் வாங்காதீர்கள். சுவிச்சை நிற்பாட்டாமல் தண்ணியில் கை வைப்பது ஒரு கணத்து மறதி.

கேள்வி: மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஒக்டோபரில் ரொறன்ரோ போகிறேன். நம்மவர் ஒருவரின் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் நொவெம்பர் வரை ஹீற் போடமாட்டாராம், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்டாற் அவர் கையில். குளிர் நாட்டில் எப்போது போடத் தொடங்கவேண்டும்? (மானிப்பாய்)

பதில்: கலண்டரைப் பார்த்துப் போடுவதல்ல, வீட்டுக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்த்துப் போடுவது. வளர்ந்தவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் 18 பாகை வரை ஸ்வெற்றரோடு சமாளித்துக் காசு மிச்சம் பிடிக்கலாம். பச்சைப் பிள்ளையும் நீங்களும் இருக்கும் வீட்டில் 20, 21 வேண்டும். பேஸ்மென்ற் நிலத்துக்குக் கீழே இருப்பதால் மேல்வீட்டில் 21 காட்டும்போது கீழே இரண்டு மூன்று பாகை குறைவாக இருக்கக்கூடும். வீட்டுக்காரர் மேலே இருந்துகொண்டு "குளிர் இல்லையே" என்று சொல்வது அவருக்கு உண்மையாகவே இருக்கலாம். ஆகவே பேச்சை வெப்பமானியோடு தொடங்குங்கள். மூன்று நாள் காலையும் இரவும் எவ்வளவு காட்டுகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அதற்கும் அவர் அசையாவிட்டால் சட்டம் மகளின் பக்கம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் வாடகைச் சட்டப்படி செப்ரெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 பாகை இருக்கவேண்டும். ரொறன்ரோ நகரசபையின் விதி 21 பாகை. நகரசபைக்கு 311 இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். நம்மவர் வீடு, எப்படிக் கேட்பது என்ற கூச்சம் எங்கள் ஆட்களுக்கு நிறைய உண்டு. வாடகை கொடுக்கும் இடத்தில் அந்தக் கூச்சம் பிள்ளைக்குக் கூடாது. மருமகனை முதலில் மரியாதையாக எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

ஹீற்றைக் கடைசி நாள்வரை பிற்போடுவதில் வீட்டுக்காரருக்கும் நட்டம் இருக்கிறது. கடுங்குளிர் வருமுன், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் பழுது தெரியும். முதல் பனிக்குப் பிறகு திருத்த ஆள் பிடிப்பது கஷ்டம். முதல்நாள் தூசி கருகும் மணம் வரும், அது கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஃபில்டரை மாற்றினாரா என்று கேளுங்கள். எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டில் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காபனோரொட்சைட்டு அலாரம் இருப்பது அங்கே கட்டாயம். மகளின் அறைக்கு வெளியே அது இருக்கிறதா, பற்றரி வேலை செய்கிறதா என்று போன அன்றைக்கே பாருங்கள். தேர்மோஸ்டாற் கைக்கு வந்தாலும் 30-இல் வைத்தால் கெதியாகச் சூடாகும் என்று நினைக்காதீர்கள். அதே வேகத்தில்தான் ஏறும், காசுதான் கூடப் போகும்.

நீங்கள் போனால் காலையில் புட்டும் இரவில் இடியப்பமும் அவிப்பீர்கள். அந்த ஆவி யன்னல் கண்ணாடியில் தண்ணியாக வழியும், குளிர்ந்த சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளையின் துணியையும் உள்ளே காயப்போட்டால் இன்னும் மோசம். அவிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போடுங்கள், பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் வாங்கிய ஹீற்றர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. பில் இல்லாமல் மாற்றித் தரமாட்டோம் என்கிறது கடை. பில் அவர்கள் தரவில்லை. (நல்லூர்)

பதில்: வங்கி அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கிக் குறுஞ்செய்தியும், பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் வாங்கியதற்குச் சாட்சி. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருந்தால் அதுவும் சாட்சி. அவற்றோடு கடை முதலாளிக்கு எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை, அதையும் முறைப்பாட்டில் சேர்த்துச் சொல்லுங்கள். ஹீற்றரைத் தெருவோரத் திருத்துநரிடம் கொடுத்துத் திறக்கவிடாதீர்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் போய்விடும்.