காலில் வளையம் போட்ட இளஞ்சிவப்புப் புறா

மொரீஷியஸின் இல் ஓ ஏக்ரெட் தீவில், காலில் வண்ண வளையத்தோடு ஒரு புறா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது, யாராவது வளர்ப்பதா, அடுத்த முறை அரிசி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வளர்ப்புப் புறா இல்லை. வெளிறிய இளஞ்சிவப்பு உடம்பு, செம்பழுப்பு வால் என்றால் அது அந்த நாட்டுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறா. 1990 வாக்கில் காட்டில் சுமார் 10 பறவைகள்தான் மிஞ்சியிருந்தன! கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து, எலியையும் பூனையையும் பிடித்து, பாடுபட்டுத்தான் சில நூறாக்கினார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணத்தான் அந்த வளையம்.

அரிசி மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். புறாக்கள் கூடித் தின்னும் இடத்தில் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்று எளிதாகப் பரவும். தொண்டை அடைத்துக் குஞ்சுகள் நிறையச் சாகின்றன. அப்புறம், வளைய நிறம் தெரிகிற படம் இருந்தால் அங்குள்ள வழிகாட்டியிடம் காட்டுங்கள்.