20 கிலோ மாவு 80 கிலோ ஆகும்போது

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 36. சம்பளம் 20,000, அதில் அடிப்படைச் சம்பளம் 13,000. சேர்ந்து 4 வருடம் 4 மாதம் ஆகிறது. இரண்டு வருடமாக அத்தையும் (மாமியார்) நானும் வீட்டில் இட்லி மாவு ஆட்டி, சாயங்காலம் வாசலில் வைத்து விற்கிறோம். தினம் 20 கிலோ, கிலோ 45 ரூபாய். அரிசி, உளுந்து, கவர் எல்லாம் 25 ரூபாய் போக, கிலோவுக்கு 20 ரூபாய் நிற்கிறது. மாதம் 12,000. ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும், அப்புறம் வருகிறவர்களைத் திருப்பித்தான் அனுப்புகிறோம். வேலையை விட்டுவிட்டுக் கடை பிடித்துப் பெரிய கிரைண்டர் போட்டால் 80 கிலோ ஆட்டலாம். 30 கிலோ கடையில் போகும், 50 கிலோவை மளிகைக் கடைகளுக்குப் போடலாம். மாதம் 48,000 வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மெஷின், அட்வான்ஸ், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து 3 லட்சம் ஆகும். நகையை வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். அவருக்குச் சம்பளம் 16,000. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் தொழிலில் இறங்கத் தயாரா?

பதில்: உங்கள் மாவு தயார். உங்கள் கணக்கு இன்னும் புளிக்கவில்லை.

இரண்டு வருடம் தினமும் ஆட்டி, தினமும் விற்று, ஆட்களைத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். என்னிடம் தொழில் யோசனையோடு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பாக்கெட்கூட விற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே பொருள் விற்குமா என்ற கேள்வி உங்களுக்கு இல்லை. நான் தயங்குவது அந்த 48,000 ரூபாயைப் பார்த்துத்தான். ஜவுளி நிறுவனத்துக்கு நீங்கள் இப்படிக் கணக்கு எழுதிக் கொடுத்தால் ஆடிட்டர் நோட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கிலோவுக்கு 20 ரூபாய் நிற்பது எதனால்? வாடகை இல்லை. கரண்ட் வீட்டு பில்லோடு போகிறது. அத்தைக்கும் உங்களுக்கும் கூலி இல்லை. மீதி ஆனால் ராத்திரி வீட்டிலேயே தோசை ஊற்றிவிடலாம். கடை என்று வந்த அன்றே இந்த நான்கும் மாறிவிடும்.

முதலில் விலை. வாசலில் 45 ரூபாய்க்குப் போகும் மாவை மளிகைக் கடைக்காரர் 36 ரூபாய்க்கு மேல் எடுக்க மாட்டார் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோவுக்கு 1,350, 50 கிலோவுக்கு 1,800, ஆக ஒரு நாளைக்கு 3,150 ரூபாய். சரக்குச் செலவு 80 கிலோவுக்கு 2,000. நிற்பது 1,150.

அடுத்தது ரிட்டர்ன். மாவைப் பெரும்பாலும் 'விற்றால் காசு, மீந்தால் திருப்பி எடுத்துக்கொள்' என்றுதான் கடையில் வாங்குவார்கள். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் கவர் பலூன் மாதிரி உப்பிவிடும். மே மாதம் பாதித் தெரு ஊருக்குப் போயிருக்கும். பத்தில் ஒரு பாக்கெட் திரும்பி வரும் என்றே எழுதுங்கள். தினம் 5 கிலோ, 180 ரூபாய். திரும்பி வந்ததை மறுநாள் புது மாவில் கலந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். புளிப்பு நாக்கில் தெரிந்த அன்றோடு இரண்டு வருடத்துப் பெயர் போய்விடும்.

ஆக நாளைக்கு 970, மாதம் 29,100 ரூபாய். இதில் கடை வாடகை 7,000, வணிக இணைப்பில் கரண்ட் 3,000, காலையில் மட்டும் வந்து ஊறப்போட்டுக் கழுவிக் கொடுக்க ஓர் ஆள் 10,000, வண்டி பெட்ரோல் 2,500 என்று கழித்தால் 6,600 மிஞ்சும். உங்கள் பகுதி வாடகை, கூலிக்குத் தகுந்தபடி நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 3 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 6,520. கையில் நிற்பது 80 ரூபாய்.

இன்னும் உங்கள் 20,000 சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வாசலில் விற்கும் கிலோ 20 ரூபாய் தருகிறது. கடைகளுக்குப் போடும் கிலோ, ரிட்டர்ன் போக, 7 ரூபாய் 40 காசுதான் தருகிறது. சம்பளத்தை ஈடுகட்ட மளிகைக் கடைகளை நம்பினால் தினம் இன்னும் 90 கிலோ போட வேண்டும். நேராக வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் 33 கிலோ கூடினால் போதும். அதாவது உங்களுக்கு வேண்டியது 20 மளிகைக் கடை அல்ல. வேலை விட்டு வீடு திரும்புகிறவர்கள் வண்டியை நிறுத்தி வாங்குகிற ஒரு முனை. வாடகை 2,000 கூடினாலும் அப்படி ஓர் இடத்தைப் பாருங்கள். சந்துக்குள் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள்.

நேரடி விற்பனை 63 கிலோ போகுமா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேலையை விட வேண்டியதில்லை. பழைய கிரைண்டர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி 35 கிலோ ஆட்டுங்கள், அப்புறம் 45. இரண்டாவது மேசையை அந்த முனையில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை போடுங்கள். வெள்ளிக்கிழமை, அமாவாசை மாதிரி ராத்திரி பலகாரம் சாப்பிடும் நாட்களின் விற்பனையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். செவ்வாயும் புதனும் எவ்வளவு போகிறது, மழை நாளில் எவ்வளவு மீந்தது என்பதை எழுதுங்கள்.

எவ்வளவு நாள்? எட்டு மாதம். காரணம் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் 5 வருடம் முடிந்தால் பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 26-ல் 15 பங்கு, அதை வருடத்தால் பெருக்க வேண்டும். உங்கள் 13,000-க்கு 37,500 ரூபாய் வருகிறது. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதை வைத்து நிறுவனத்தோடு வாதாடிக்கொண்டிருப்பதை விட முழுசாக முடித்துவிட்டு வெளியே வருவது நிம்மதி. இன்னொன்று இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. உங்கள் சம்பளத்துக்கு இப்போது குடும்பத்துக்கே அந்த மருத்துவ வசதி இருக்கும். வேலையை விட்டால் அதுவும் போகும். வீட்டுக்காரர் வேலையில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தையும் கடைச் செலவில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

நகை விஷயத்தில் வீட்டுக்காரரோடு நான் ஒத்துப்போகவில்லை. வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடத்தில் அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டியது. கிரைண்டர் ஏழெட்டு வருடம் ஓடித் தரும் காசை ஒரே வருடத்தில் கறக்க முடியாது. நகை அவசரத்துக்கு இருக்கட்டும். உளுந்து விலை திடீரென்று ஏறும்போது இரண்டு மூட்டை வாங்கிப் போட அது உதவும். மெஷினுக்கு முத்ரா கடன் கேளுங்கள். 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தரலாம் என்பது விதி. மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) போன்ற திட்டங்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். மெஷினை வாங்கிக் கடையைத் திறந்துவிட்டு அப்புறம் மானியம் கேட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் விசாரணை, பிறகு பில்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இப்போதே எடுத்துவிடுங்கள், வாசலில் விற்றாலும் அது வேண்டும். பாக்கெட்டில் தயாரித்த தேதி, எடை, விலை அச்சிடப் பழகுங்கள்.

கடைசியாக அத்தை. உளுந்து பொங்கப் பொங்க ஆட்டும் பக்குவமும், மழைக்காலத்தில் எவ்வளவு முன்னால் கரைத்து வைப்பது என்பதும் அவர் கையில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவருக்கு முழங்கால் வலி வந்து பதினைந்து நாள் படுத்தால் மாவு அதே மாவாக வருமா? இந்த எட்டு மாதத்தில் வாரம் இரண்டு நாள் நீங்கள் தனியாக ஆட்டிப் பாருங்கள், வாடிக்கையாளர் வித்தியாசம் கண்டுபிடிக்கிறார்களா என்று கவனியுங்கள். இன்று ராத்திரியே நோட்டில் அத்தை பெயருக்கு மாதச் சம்பளம் என்று ஒரு வரி போடுங்கள், 6,000-மோ 8,000-மோ. எனக்கெதுக்கு என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும், எழுதுங்கள்.