அந்த நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓசிடியும் (விரும்பாத எண்ணங்கள் புகுந்து, அவற்றைப் போக்கச் சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலக் கோளாறு) கவனக்குறைபாடும் (ஏடிஎச்டி) சேர்ந்திருக்கும் மகனுக்கு எந்தப் படிப்பு பொருந்தும், தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

பாதி வினாத்தாளை எழுதாமலே வந்துவிடுகிறான் என்கிறீர்கள். அந்த நேரம் எங்கே போகிறது? கேள்வியைப் படிக்கும்போதே மனம் நழுவி, திரும்புவதற்குள் பத்து நிமிடம் கழிந்துவிடலாம். அது கவனக்குறைபாடு. எழுதிய வரியை அழித்து, மனத்துக்குச் சரியென்று படும்வரை மறுபடி எழுதலாம், பதிவெண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கலாம். அது ஓசிடி. இன்னொன்று வெளியே தெரியாது: பயமுறுத்தும் எண்ணம் ஒன்று புகுந்துவிட, அதைப் போக்க உள்ளுக்குள் எண்ணிக்கொண்டோ ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டோ இருப்பான். ஆசிரியரின் கண்ணுக்கு அவன் கவனமில்லாத பையன். கவனக்குறைபாட்டின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கின்றன மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடான, 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5-இன் வரையறைகள். பதின்ம வயதில்தான் முதன்முதலாகக் கவனம் சிதறியது என்றால், மனநல மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நழுவும் மனத்துக்குக் கூடுதல் நேரம், தனி அறை, சிறு இடைவேளை எல்லாம் உதவும். திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் மனத்துக்கோ கூடுதல் நேரம் கிடைத்தால், சரிபார்ப்பதும் அந்த அளவுக்கு நீண்டுவிடக்கூடும். அவனுக்கு வேறு மாதிரி உதவி கேட்கலாம்: அழிப்பதற்குப் பதில் ஒரே கோடாக அடித்துவிட்டு மேற்கொண்டு எழுதும் வழக்கம், ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் முடிந்ததைக் கண்காணிப்பாளர் நினைவூட்டுவது, கணினியில் தட்டச்சு செய்ய அனுமதி. எது வேண்டும் என்பதை அவனுக்குச் சிகிச்சை அளிப்பவரோடு பேசி முடிவெடுத்த பிறகே பள்ளிக்கு எழுதுங்கள்.

ஓசிடிக்கு முதன்மையான உளவியல் சிகிச்சை, அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, செய்யத் தூண்டும் சடங்கை (சரிபார்ப்பது, உள்ளுக்குள் எண்ணுவது போன்றவற்றை) செய்யாமல் இருக்கப் பழகுவதுதான். தேவைப்பட்டால் மருந்தும் சேரும். ஓசிடி மருந்துகளின் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும் என்பதால், தேர்வு நெருங்கும் நேரத்தில் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

இந்தச் சடங்குகள் நீடிப்பதில் உங்களுக்கும் பங்குண்டு. 'தவறாக எதுவும் நடக்காதே?' என்று அவன் கேட்கும்போதெல்லாம் 'நடக்காது' என்று நீங்கள் தேற்றுவது அன்பினால்தான். அந்த ஆறுதல் சில நிமிடங்களே நிற்கும், மறுபடி கேட்பான். சிகிச்சையாளரின் திட்டப்படி, அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். படிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே சுழல் வரும். 'இது சரியான படிப்புதானா?' என்று தினமும் கேட்பான். நூறு சதவீத உறுதியை எந்த ஆலோசகராலும் தர முடியாது. காரணங்களை ஒருமுறை உட்கார்ந்து பேசி, அவன் கையாலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கேட்டால், 'எழுதிவைத்திருக்கிறாய்' என்பதே போதும்.

இனி முதல் கேள்வி. 'எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்கிறவன்தானே, கணக்குத் தணிக்கைக்கு அனுப்புங்கள்' என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அவன் அடுக்கிவைப்பது ரசித்து அல்ல, பயந்து. அந்தப் பயத்தையே தொழிலாக்கினால் ஒரு கோப்பைக்கூட மூடிவைக்க முடியாமல் திணறுவான். தணிக்கையில் அவனுக்கே ஆர்வம் இருந்தால் அது வேறு விஷயம்.

நான் அவனிடம் கேட்க விரும்பும் கேள்வி: 'இந்தப் பயம் இல்லையென்றால் என்ன படிப்பாய்?' கிருமி பயத்தால் ஆய்வகம் வேண்டாம் என்கிறவனுக்கு உள்ளூர உயிரியல் பிடித்திருக்கலாம். பயம் மூடிய கதவை நாமும் சேர்ந்து பூட்டக்கூடாது. பிடித்த துறை தெரிந்த பிறகு, அதற்குள் எந்த வேலை என்று பார்க்கலாம். எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரியும் வேலை, முடித்ததும் இன்னொருவர் சரிபார்க்கும் அமைப்பு, நாள் முழுவதும் ஒரே நாற்காலியில் உட்காரத் தேவையில்லாத சூழல் ஆகியவை அவனுக்கு இலகுவாக இருக்கும்.

கல்லூரியில் சேரும்போது, மாணவர் உதவிப் பிரிவிடம் மருத்துவச் சான்றோடு தன் நிலையைச் சொல்வது நல்லது. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு வாரக் குறிப்பு கொண்டுவாருங்கள்: வீட்டுப்பாடம் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையில் நேரம் போன வழி. அவனே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். அந்தக் குறிப்பையே அழித்து அழித்து எழுத ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். அரைகுறையாக இருந்தாலும் எனக்குப் போதும்.