மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்

தங்கச்சிமடம் சகோதரிக்கு,

கணவரை அடக்கம் செய்து நாற்பது நாளாகியும், ஆறு வயது மகன் படகுகள் கரை திரும்பும் நேரத்தில் வாசலில் போய் உட்காருகிறான் என்று எழுதியிருந்தீர்கள். 'அப்பா கடலுக்குப் போயிருக்கிறார்' என்று மாமியார் சொன்னதை நம்பியிருக்கிறான். நம் கரையில் கடலுக்குப் போனவர் திரும்பி வருவார் என்றுதானே அதற்குப் பொருள்?

மடியில் உட்காரவைத்து, 'அப்பா இறந்துவிட்டார். இனி மூச்சு விட மாட்டார், வர மாட்டார்' என்று சொல்லுங்கள். 'தூங்குகிறார்' என்பதும் வேண்டாம். பிறகு தூங்கவே பயப்படுவான். சாவு நிரந்தரம் என்பது இந்த வயதில் ஒரே தடவையில் பிடிபடாது. பத்து முறை கேட்டால் பத்து முறையும் அதே பதில். அழுத கையோடு விளையாடப் போவான். யாரும் திட்ட வேண்டாம்.

பாம்பனில் என் அண்ணன் இறந்தபோது அவர் மகள், பாதி நூல் சுற்றிய வலை ஊசியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். குத்திவிடுமோ என்று எனக்குப் பயம்தான், ஆனாலும் பிடுங்கவில்லை.

உங்களுக்கும் உறக்கமில்லை என்கிறீர்கள். 14416, டெலிமானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, நள்ளிரவிலும் தமிழில் பேசலாம். இன்றே அழையுங்கள்.