நைலா ரோஸும் பெண்கள் பெல்ட்டும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ரெஸ்லிங் வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு சேர்த்த வயதிலிருந்து ரெஸ்லிங் பார்க்கிறவன் நான். இப்போது என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறவள். ஏஇடபிள்யூ என்கிற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனத்தின் பழைய மேட்ச் ஒன்றில் நைலா ரோஸ் என்கிற திருநங்கை, ரிஹோ என்கிற ஜப்பான் பெண்ணைத் தோற்கடித்து பெண்கள் பெல்ட்டை, அதாவது சாம்பியன் பட்டத்தை, வாங்கியதைப் பார்த்துவிட்டு, "இது நியாயமாப்பா?" என்று கேட்டாள். ரிஹோ உருவத்தில் அவரில் பாதிகூட இல்லை. எனக்குத் திருநங்கைகள் மேல் வெறுப்பு கிடையாது. ஆனாலும் பெண்கள் இவ்வளவு காலம் போராடி வாங்கிய இடம் அவர்கள் கையைவிட்டுப் போகிறதோ என்று தோன்றியது. இன்னொன்று. முடிவு முன்பே எழுதி வைத்ததுதானே, அப்புறம் பெண்கள் பிரிவு என்று தனியாக ஒன்று எதற்கு?

அன்புடன்,
ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள தம்பிக்கு,

நியாயம்தான் என்று உங்கள் மகளிடம் தயங்காமல் சொல்லலாம். 2020 பிப்ரவரி 12 அன்று நடந்த அந்த மேட்சில் யார் ஜெயிப்பது என்பதை நிர்வாகம் முன்பே முடிவு செய்துவிட்டது. ரிஹோ தோற்கிற கதையை ரிஹோவும் நைலா ரோஸும் சேர்ந்துதான் நடத்திக் காட்டினார்கள்.

இதை நான் ரகசியம்போலச் சொல்ல வேண்டியதே இல்லை. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் டபிள்யூ டபிள்யூ எஃப் (இன்றைய டபிள்யூ டபிள்யூ இ) நிர்வாகமே இதை ஒப்புக்கொண்டது. உண்மையான விளையாட்டுப் போட்டிக்கு உள்ள அரசுக் கட்டுப்பாடும் வரியும் தங்கள் தலையில் விழக்கூடாது என்பதற்காக, நாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு என்று எடுத்துச் சொன்னார்கள். போட்டியே இல்லாத இடத்தில் உடல் பலத்தால் வருகிற சாதகம் என்று எதைச் சொல்வது? கபடி வேறு. ஓட்டம், நீச்சல் வேறு. அங்கே நொடியும் புள்ளியும் முடிவைத் தீர்மானிக்கின்றன. திருநங்கைகள் பெண்கள் பிரிவில் போட்டியிடுவதற்கு உலகத் தடகள அமைப்பு 2023இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் பேச நிறைய இருக்கிறது. உங்கள் மகள் கபடியைப் பற்றிக் கேட்டால் அது தனிக் கடிதத்துக்கான விஷயம். அந்த விவாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ரெஸ்லிங் ரிங்கில் இறக்கிவைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

முடிவு எழுதியது என்றால் வலியும் பொய் என்று ஆகிவிடாது. ஒரு பவர்பாம் எப்படி நடக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நைலா ரோஸின் முத்திரை அடியான 'பீஸ்ட் பாம்' அந்த வகைதான். குனிந்து நிற்கிறவரை இடுப்பில் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி, முதுகு தரையில் படும்படி அறைவது. தூக்கப்படுகிறவர் சரியான கணத்தில் தானே எம்பிக் குதிக்கிறார். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறார், பின்மண்டை அடிபடக்கூடாது என்பதற்காக. இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் அறைகிறார், அதிர்ச்சி முதுகு முழுக்கப் பரவ வேண்டும் என்பதற்காக. அவரைத் தூக்குகிறவரோ, விழுகிறவரின் கழுத்து மடங்காமல் இறுதிவரை கவனித்துக்கொள்கிறார். தன் உடம்பை எதிராளியின் கையில் ஒப்படைக்கிற கலை இது. ரிஹோவைப் போல 45 கிலோகூட இல்லாத ஒருவர் அந்தக் கைகளை நம்பித்தான் எம்புகிறார். அந்த நம்பிக்கை பயிற்சியாலும் நிதானத்தாலும் வருவது. எதிராளி எந்த உடலோடு பிறந்தார் என்பதைப் பார்த்து வருவதில்லை.

பெண்கள் பிரிவில் அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்பட்ட காயம் எது தெரியுமா? 2018 நவம்பரில், டபிள்யூ டபிள்யூ இ-யின் வாராந்திர ரா நிகழ்ச்சியில், நையா ஜாக்ஸின் ஒரு குத்து குறி தவறிப் பெக்கி லின்ச்சின் மூக்கை உடைத்தது. முகமெல்லாம் ரத்தத்தோடு கூட்டத்தின் நடுவே நின்று கையை விரித்தாரே, அந்தப் படம்தான் அவரை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. அடுத்த ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியா 35இன் கடைசி மேட்ச், வரலாற்றில் முதல்முறையாகப் பெண்களுடையதாக இருந்தது. பெக்கி, ஷார்லட், ரோண்டா ரௌசி மூவரும் மோதினார்கள், பெக்கி ஜெயித்தார். மூக்கை உடைத்த நையாவும் பெண்கள் பிரிவில் தொடர்ந்து ஆடினார்.

பெண்கள் போராடி வாங்கிய இடம் என்றீர்கள். முழுக்க ஒத்துக்கொள்கிறேன், அதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. ஆனால் யாரோடு போராடினார்கள் என்று பாருங்கள். நியூயார்க்கில் 1972 வரை பெண்கள் மல்யுத்தத்துக்கே தடை இருந்தது. 2015 பிப்ரவரி 23 அன்று, மூன்று மணி நேர ரா நிகழ்ச்சியில், பெல்லா சகோதரிகள் ஒரு பக்கமும் பெய்ஜும் எம்மாவும் இன்னொரு பக்கமும் ஆடிய மேட்ச் சுமார் 30 நொடியில் முடிந்தது. ரசிகர்கள் கொதித்துப்போய் ட்விட்டரில் எழுதித் தள்ளினார்கள். அதே ஆகஸ்டில் புரூக்ளினில் சாஷா பேங்க்ஸும் பெய்லியும் ஆடிய மேட்சைப் பார்த்தவர்களுக்கு, பெண்களுக்கு நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2016இல் ரெசில்மேனியா 32இல் பெண்கள் பிரிவுக்கு வைத்திருந்த 'திவாஸ்' என்ற பெயரே போனது. இந்தக் கதையில் பெண்களின் நேரத்தைப் பறித்தவர்கள் நிகழ்ச்சி நடத்துகிற புரமோட்டர்களும் கதையையும் முடிவையும் தீர்மானிக்கிற புக்கர்களும். ஒரு திருநங்கைகூட அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, எல்லாம் எழுதியதுதானே, தனிப் பிரிவு எதற்கு? இது நல்ல கேள்வி. ஆணும் பெண்ணும் மோதுவது ரெஸ்லிங்கில் புதிதில்லை. மில்ட்ரெட் பர்க் 1930களிலேயே ஊர் ஊராகப் போகிற கார்னிவல்களில் ஆண்களோடு மோதினார். உங்கள் டிரம்ப் கார்டில் இருந்திருக்கக்கூடிய சைனா என்கிற பெண், 1999இல் ஜெஃப் ஜாரட் என்கிற ஆணை வீழ்த்தி இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை வாங்கினார். 2020 ஜனவரியில் டெஸ்ஸா பிளாஞ்சர்ட் இம்பாக்ட் என்கிற ரெஸ்லிங் நிறுவனத்தின் உலக பெல்ட்டையே ஒரு ஆணிடமிருந்து ஜெயித்தார். ஆகவே பெண்ணின் உடலால் தாங்க முடியாது என்பதற்காகத் தனிப் பிரிவு வைக்கவில்லை. பிரிவு இல்லையென்றால் பெல்ட்டும் நேரமும் சம்பளமும் மொத்தமாக ஆண்களிடம் போய்விடும், அனுபவம் அதைத்தான் காட்டுகிறது. பெண்களுக்கென்று எழுதப்படும் கதைகளுக்காக ஒதுக்கிய இடம் அது. நைலா ரோஸ் பெண். பெண்ணாகத்தான் வாழ்கிறார், வேலை செய்கிறார். அந்த இடம் அவருக்கும் உரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் கவலையில் நான் மதிக்கிற பகுதி ஒன்று உண்டு. ஏஇடபிள்யூ தொடங்கிய புதிதில், டைனமைட் என்கிற அதன் இரண்டு மணி நேர வாராந்திர நிகழ்ச்சியில் பெரும்பாலான வாரங்கள் பெண்களுக்கு ஒரே ஒரு மேட்ச். ஒரே ஒரு பெல்ட். யார் கையில் அது போனாலும் மற்றவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். இரண்டாவது பெல்ட்டான டிபிஎஸ் பட்டம் 2022 ஜனவரியில்தான் ஜேட் கார்கில் என்கிற வீராங்கனையிடம் போனது. இருக்கிற ஒற்றை இருக்கையில் யார் உட்காருவது என்று பெண்களையும் திருநங்கைகளையும் மோதவிட்டுவிட்டு, இருக்கைகளை எண்ணி வைத்தவர்கள் வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குக் கோபம் தருகிறது. கோபப்படுவதென்றால் அவர்கள்மேல் படுங்கள்.

நைலாவை ஏஇடபிள்யூ எப்படி எழுதியது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபர் 2, டைனமைட்டின் முதல் நிகழ்ச்சி, நைலாவின் சொந்த ஊரான வாஷிங்டனில். முதல் பெண்கள் பெல்ட்டுக்கான மேட்ச். ஜெயித்தது சின்ன உருவமான ரிஹோ! நைலா தோற்றார். பிறகு பிப்ரவரியில் ஜெயித்து, மே மாதம் ஹிகாரு ஷிடாவிடம் இழந்தார். 2022இல் ஜேட் கார்கிலின் பெல்ட்டைத் திருடிக்கொண்டு திரிகிற வில்லியாக வந்தார். எந்த வில்லிக்கும் எழுதக்கூடிய கதை அது, அதுதான் எனக்குப் பிடித்தது. அவர் திருநங்கை என்பதைக் கேலியாகவோ மர்மமாகவோ கதைக்குள் இழுக்கவில்லை. மலைபோல உருவம் கொண்ட ஒரு பெண்ணை வில்லியாக்குவது ரெஸ்லிங்கில் பழைய வழக்கம். அதில் எனக்கு அலுப்பு உண்டு, ஆனால் அது எல்லாப் பெரிய உருவப் பெண்களுக்கும் நடப்பது.

ரிங்குக்கு வெளியேதான் நிலைமை மோசம். 2023 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டியில் நைலாவை ஒரு பெண்ணோடு ஆடவைத்ததற்காக, அந்த மாநில விளையாட்டு ஆணையம் ஏஇடபிள்யூவுக்கு எச்சரிக்கை கொடுத்தது. முடிவு முன்பே எழுதப்பட்ட ஒரு மேட்ச். அதில் ஆடிய இருவரும் சம்மதித்து, ஒத்திகை பார்த்து, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர்கள். யாரைக் காப்பாற்றுகிறார்கள்? 1972க்கு முன்னால் நியூயார்க்கில் பெண்களை ரிங்குக்குள் விடாமல் தடுத்ததும் இதே மாதிரி ஒரு ஆணையம்தான்.

உங்கள் மகளுக்கு அந்த இரண்டு ரிஹோ–நைலா மேட்சுகளையும் வரிசையாகப் போட்டுக் காட்டுங்கள். முதலில் 2019 அக்டோபர், அப்புறம் 2020 பிப்ரவரி. பவர்பாமில் ரிஹோ எம்புகிற அந்தக் கணத்தில் நிறுத்தி, எப்படி விழுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். கபடி ஆடுகிற பெண், விழுவதைப் பற்றி நம்மைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அக்கா