பழைய கம்ப்யூட்டருக்கு எந்த விண்டோஸ்?

கேள்வி: 2014-ல் வாங்கிய டெஸ்க்டாப். நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 உடன் வந்தது. இலவசமாகக் கொடுத்தபோது 10-க்கு மாற்றினேன். இப்போது ஆமை வேகம். 11 போட முடியாது என்று திரையில் வருகிறது. "விண்டோஸில் ஒன்று விட்டு ஒன்றுதான் நல்லது, பேசாமல் 7-க்கே போய்விடு" என்கிறார் நண்பர். கடை பில்லிங், நெட் பேங்கிங் இரண்டும் இதில்தான். என்ன செய்யலாம்?

பதில்: 7-க்குத் திரும்பாதீர்கள். நெட் பேங்கிங் செய்கிற கம்ப்யூட்டரில் அந்தப் பேச்சே வேண்டாம்.

உங்கள் நண்பரின் கணக்கு பலரும் சொல்வதுதான். எக்ஸ்பி நல்லது, விஸ்டா மோசம், 7 நல்லது, 8 மோசம், 10 நல்லது. மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் விஸ்டா ஏன் திட்டு வாங்கியது? 2001-ல் வந்த எக்ஸ்பி 64 எம்பி ரேம் இருந்தாலே ஏறிக்கொள்ளும். 2007-ல் வந்த விஸ்டா, தன் கண்ணாடித் தோற்றத்தைக் காட்டவே 1 ஜிபி கேட்டது. அன்றைக்குப் பல வீடுகளில் இருந்தது அதில் பாதிதான். பிரின்டர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள்கள் இயங்கும் முறையையும் மாற்றிவிட்டார்கள். பழைய பிரின்டர், ஸ்கேனர் பல அதில் வேலை செய்யவில்லை. போதாததற்கு, எதைத் தொட்டாலும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும்.

2009 அக்டோபரில் 7 வந்தது. உள்ளே பெரும்பாலும் அதே விஸ்டாதான்: விஸ்டாவின் உள்எண் 6.0, ஏழின் உள்எண் 6.1. இடைப்பட்ட காலத்தில் டிரைவர்கள் வந்துவிட்டன, கம்ப்யூட்டர்களின் திறனும் கூடிவிட்டது. அடி வாங்கியது விஸ்டா, பேர் வாங்கியது 7.

8 வேறு கதை. வேகமாகத்தான் துவங்கும். ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டு, தொடுதிரைக்கான கட்டங்களை மவுஸ் பிடித்தவர் முன்னால் வைத்தார்கள், யாருக்குப் பிடிக்கும்? ஒரே வருடத்தில் 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது.

11-ஐப் பார்க்கலாம். யாராவது வைத்திருந்தால் அதில் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புப் பெட்டி) திறந்து முதல் வரியைப் படியுங்கள். 10.0 என்றுதான் ஆரம்பிக்கும்; 22000 அல்லது அதற்கு மேற்பட்ட எண் பின்னால் வரும். அடித்தளம் பத்தினுடையதே. உங்கள் ஐ5-க்கு 11-ஐ ஓட்டத் தெம்பு இல்லை என்று பொருளில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு அது. சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் உறுதி இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், பில்லிங் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

7-ஐ ஏன் ஒதுக்குகிறேன்? அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ல் நின்றுவிட்டது. குரோம் 109-க்குப் பிந்தைய பதிப்புகள் அதில் ஏறாது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது பெரும்பாலும் மாட்டியது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்தான். இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அப்டேட் இருந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி. இப்போது 7-ல் போடுவதற்கு அப்டேட்டே கிடையாது.

சரி, ஆமை வேகம்? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் டிஸ்க் என்ற இடத்தில் 100% என்று சிவந்து நிற்கிறதா? நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் தடை ஹார்ட் டிஸ்க்தான். 10 பின்னணியில் எதையாவது தேடிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கும். சுழலும் தட்டு அதற்கு ஈடுகொடுக்காது. ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி, இப்போதுள்ளதை அப்படியே அதில் குளோன் செய்யச் சொல்லுங்கள், அதாவது நகலெடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் போகாது. கூடவே ஒரு 4 ஜிபி ரேம். கடையில் டிடிஆர்3 என்று கேட்டு வாங்குங்கள், டிடிஆர்4 உங்கள் ஸ்லாட்டில் உட்காராது. குளோன் செய்யும் முன் பில்லிங் டேட்டாவைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

அப்புறம் அப்டேட். 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை அறிவிக்கப்பட்டது. அதில் சேர, உங்களிடம் இருப்பது 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் வின்வெர் (winver) கட்டளையைக் கொடுத்தால் தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம்.

அந்தத் தேதிக்குப் பின் இந்தக் கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு பில்லிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நெட் பேங்கிங்கை வேறு கருவிக்கு மாற்றிவிடுங்கள். பில்லிங்கும் பிரவுசரிலேயே நடக்கிறதென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் பில் பிரின்டருக்கு அதில் டிரைவர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.